குளிருக்கு ஏற்ற போர்வை எது?

மார்கழி மாதம். ஜவ்வாது மலை. பகலில் வெயில் அடிக்கிறது. இரவிலோ பற்கள் தந்தி அடிக்கின்றன!

ஏன் இந்தக் குளிர்?

மலையில் உள்ள காவலூர் சுமார் 725 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே விண்மீன்களை ஆராயும் கூடம் உண்டு. விஞ்ஞானி வைணு பாப்பு தேர்ந்தெடுத்த இடம் அது. 1986-ல் அந்தக் கூடத்துக்கு அவர் பெயரையே சூட்டினார்கள்.

விண்மீன் பார்க்க மேகம் இல்லாத வானம் வேண்டும். அதே வானம்தான் குளிரையும் கூட்டுகிறது. மேகம் பூமிக்குப் போர்வை. அது விலகினால், பகலில் மண் வாங்கிய சூடு இரவில் மேலே போய்விடும்.

போர்வை சூடு தருமா?

தராது! சூடு நம் உடம்பில்தான் பிறக்கிறது. அது வெளியே போகாமல் தடுப்பதே போர்வையின் வேலை. பஞ்சுக்கும் கம்பளிக்கும் இடையே அடங்கி நிற்கும் காற்றுதான் அந்தக் காவலாளி. ஆகவே, கனமான போர்வைதான் நல்லது என்று எண்ண வேண்டாம். இரண்டு மெல்லிய போர்வைகளைச் சேர்த்துப் போர்த்தினால், நடுவிலும் காற்று தங்கும்.

எதை வாங்கலாம்?

கம்பளி: பனி ஈரத்தை உறிஞ்சினாலும் கதகதப்பு குறையாது. உடம்பில் குத்தினால் உள்ளே பருத்தி விரிப்பு சேர்க்கலாம்.

பஞ்சுப் போர்வை: வடநாட்டில் "ரஜாய்" என்பார்கள். மென்மையானது. ஈரம் பட்டால் கனத்துவிடும். அடிக்கடி வெயிலில் போட வேண்டும்.

இறகுப் போர்வை: மேல்நாட்டார் விரும்புவது. மிக லேசு, விலை அதிகம். நனைந்தால் பயன் இல்லை.

பாலியெஸ்டர்: விலை குறைவு. துவைப்பது எளிது. சிலருக்கு வியர்க்கும். நெருப்பின் பக்கம் கொண்டுபோகக் கூடாது.

கடையில் கவனியுங்கள்

போர்வையைக் கையால் அமுக்கிவிடுங்கள். உடனே உப்பி எழுந்தால் நல்லது. கட்டம் கட்டமாகத் தையல் இருக்கிறதா? இருந்தால் பஞ்சு ஒரு பக்கம் ஒதுங்காது. கழுத்து முதல் கால் வரை மூடி, மேலும் ஒரு சாண் மிஞ்ச வேண்டும்.

தரையில் படுப்பவர்கள் பாயின் மேல் ஒரு தடித்த விரிப்பையும் போடுங்கள். தரையும் உடம்பின் சூட்டை இழுக்கும்.

தாய்மார்களே!

ஒரு வயது ஆகாத குழந்தைக்குக் கனத்த போர்வை வேண்டாம். முகத்தை மூடினால் மூச்சு முட்டும். கூடுதலாக ஒரு சட்டை போட்டுவிடுங்கள்.

மூடிய அறையில் கரி அடுப்பு வைத்துத் தூங்கவே கூடாது. அதில் கிளம்பும் நச்சுவாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. உயிரையே குடித்துவிடும்!

குளிருக்கு நெருப்பு வேண்டாம். நல்ல போர்வை போதும்.