தாயின் எடையும் தாதியின் வருகையும்

பிள்ளைத்தாய்ச்சி இருவருக்காகச் சாப்பிட வேண்டும் என்பர் சிலர். நிறையச் சாப்பிட்டால் பிள்ளை பெருத்துவிடும் என்பர் வேறு சிலர். உண்மை இரண்டிற்கும் இடையில் உள்ளது.

கர்ப்பத்திற்கு முன் இருந்த எடையே கணக்கு. அமெரிக்காவின் இன்ஸ்டிடியூட் ஆஃப் மெடிசின் 2009இல் வகுத்தபடி, ஒரு குழந்தையைச் சுமக்கும் அளவான உடல்வாகுள்ள தாய்க்கு 11.5 முதல் 16 கிலோ வரை கூடலாம், மெலிந்தவருக்கு 12.5 முதல் 18. மிகவும் பருமனானவருக்கு 5 முதல் 9. குறைந்தால் குழந்தை எடை குன்றிப் பிறக்கக்கூடும். மிகுந்தால் அறுவைப் பிரசவம் நேரக்கூடும்.

மலேசிய அரசாங்கக் கிளினிக்குகளில் இந்த எடை இளஞ்சிவப்புப் புத்தகத்தில் குறிக்கப்படுகிறது. தவணைக்கு வராத தாயைத் தேடித் தாதி வீட்டிற்கே வருகிறார். அடுப்படியில் என்ன இருக்கிறது, மருமகள் கடைசியில்தான் சாப்பிடுகிறாளா என்பதெல்லாம் அங்குதான் தெரியவரும். பருப்பு, முட்டை, கீரை, பால் கூட்டவும், சீனி குறைக்கவும் சொல்வார். புக்கிட் ரம்பாய் குடும்பத்தாரே, தாதி வந்தால் கணவரும் மாமியாரும் உடனிருந்து கேளுங்கள். தட்டில் சோறு போடுவது தாய் மட்டுமல்லவே!