மெய்நிகர் நாடாவிலிருந்து தொலைவிடச் சேமிப்புக்கு: பலெர்மோத் தமிழர் ஆவணங்களை முன்னிறுத்திய ஒரு விளக்கம்

முன்னுரை

இத்தாலியின் சிசிலித் தீவிலுள்ள பலெர்மோ நகரில் 1980கள் முதலாக ஈழத்தமிழர் வாழ்ந்து வருகின்றனர். கத்தோலிக்கரோடு சைவரும் மொந்தே பெல்லெகிரினோ மலையிலுள்ள புனித ரொசாலியாவின் திருத்தலத்துக்கு யாத்திரை செல்வது ஆய்வாளர் அறிந்ததே. இவ்வாழ்வின் சான்றுகளான ஒளிப்படங்களும் விழா மலர்களும் வாய்மொழிப் பதிவுகளும் எண்ணிம வடிவம் பெறும்போது, வழங்கிக் கணினியிலேயே ஒரு காப்புப்படி இருந்தால் போதும் என்ற எண்ணம் எழலாம். அது போதாமையையும், அப்படியை வேற்றிடம் சேர்க்கும் முறையையும் இக்கட்டுரை விளக்குகிறது.

மெய்நிகர் நாடா

முன்னாளில் காப்புப்படிகள் காந்த நாடாவில் எழுதப்பட்டன. நாடாவைக் கழற்றி வேறொரு கட்டடத்தில் வைக்க முடிந்தது. மெய்நிகர் நாடா என்பது வன்தட்டில் உள்ள பெரியதொரு கோப்பு. காப்பு மென்பொருள் அதனை உண்மை நாடாவாகவே கருதி எழுதும். வேகம் மிகுதி, ஆயினும் கையால் கழற்ற இயலாது. வழங்கி எரிந்தால் மூலமும் படியும் ஒருங்கே அழியும்.

1981 மே 31 இரவு தொடங்கி யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. அச்சு நூல்கள் பலவற்றுக்குப் பிறவிடங்களில் படிகள் இருந்தன. ஒற்றைப் படியாக இருந்த ஓலைச்சுவடிகளுக்கு அந்த வாய்ப்பு இல்லை.

மாற்றும் முறை

முதலாவதாக, எழுதி முடித்த நாடாவை மூடி, மேலும் எழுத இயலாதவாறு செய்தல் வேண்டும். இரண்டாவதாக, அதனை மறையாக்கம் செய்து, திறவுகோலை வழங்கிக்கு வெளியே ஈரிடங்களில் வைத்தல் வேண்டும். மூன்றாவது, அனுப்புதல். நொடிக்கு 100 மெகாபிட் இணைப்பில் ஒரு டெராபைட் செல்ல, தடையின்றி இயங்கினும் 22 மணி நேரமாகும். எனவே முதல் முழுப்படியை வன்தட்டிற் கொண்டு சென்று, பின்னைய மாற்றங்களை மட்டும் இணையவழி அனுப்புவது நன்று. நான்காவதாக, இருமுனையிலும் சரிபார்ப்புத் தொகையைக் கணித்து ஒப்பிடல் வேண்டும். அது பொருந்திய பின்னரே வழங்கியிலுள்ள பழைய நாடாவை நீக்கலாம். எந்த நாடாவில் எக்கோப்பு உள்ளது எனக் காட்டும் பட்டியலும் உடன் செல்லுதல் இன்றியமையாதது.

தொலைவும் தனிமையும்

தொலைவு மட்டும் காப்பாகாது. 2011 பெப்ரவரியில் ஒரு மென்பொருட் பிழை, பல நிலையங்களில் இருந்த ஜிமெயில் படிகளையும் பாதித்தது. இணைப்பின்றி வைக்கப்பட்டிருந்த நாடாக்களிலிருந்தே அஞ்சல்கள் மீட்கப்பட்டன. ஆதலின் தொலைவிடப் படியேனும் குறித்த காலம்வரை எவராலும் அழிக்க இயலாதவாறு பூட்டப்படல் வேண்டும்.

முடிவுரை

2005இல் நிறைவுற்ற சீமீவி-4 கடலடி வடம் சென்னை, கொழும்பு, பலெர்மோ ஆகிய மூன்று நகரங்களையும் தொடுகிறது. பலெர்மோவின் படி சென்னையிலும், யாழ்ப்பாணத்தின் படி பலெர்மோவிலும் இருக்கத் தொழில்நுட்பத் தடை இல்லை. ஆண்டுக்கொரு முறையேனும் ஒரு நாடாவை மீட்டெடுத்துத் திறந்து பார்த்தல் வேண்டும். திறந்து பார்க்கப்படாத படியைக் காப்புப்படி என்று கொள்வதற்கில்லை.