நித்திய யாத்திரிகனும் காணப்படாத பகைவரும்

கோள்களுக்கிடையே நிகழும் போரைப் பொருளாகக் கொண்ட கதைகளில் இருதிறத்துப் படைகளும் நேருக்கு நேர் நிற்றல் வழக்கம். 1898ஆம் ஆண்டில் நூலுருப் பெற்ற எச். ஜி. வெல்ஸின் நாவலிலே செவ்வாய்க் கோளத்தார் தாமே பூமியில் வந்திறங்கித் தாமே போர் புரிந்து, ஈற்றிற் பூமியின் நுண்கிருமிகளால் மடிகின்றனர். பகைவன் யாவன் என்பதில் அங்கு ஐயத்துக்கு இடமில்லை. இவ்வழக்கினின்றும் விலகிய சித்திரக் கதையொன்று ஆர்ஜென்டீனா நாட்டிலே தோன்றியது. 'எல் எத்தெர்னவுத்தா' என்பது அதன் பெயர். நித்தியத்தில் யாத்திரை செய்பவன் என அதற்குப் பொருள் கொள்ளலாம். புவியியற் பொருள் ஆராய்ச்சியிற் பயின்று பின்னர் எழுத்துத்துறை புகுந்த எக்டர் ஹெர்மன் ஓஸ்டர்ஹெல்ட் கதையை எழுத, பிரான்சிஸ்கோ சொலானோ லோபெஸ் சித்திரங்களைத் தீட்டினார். 1957 செப்டெம்பர் 4ஆம் நாள் தொடங்கி 1959 வரை வார இதழொன்றில் அது தொடர்ந்து வெளிவந்தது.

கதை நிகழும் களம் இலண்டனுமன்று, நியூயோர்க்குமன்று. புவெனஸ் அயர்ஸ் நகரமாகும். அதன் புறநகரில், ஹுவான் சால்வோ என்பானது வீட்டு மேன்மாடத்தில், நண்பர் நால்வர் இரவிற் சீட்டாடிக் கொண்டிருக்கின்றனர். வெளியே ஒளிவிடும் வெண்பனி பொழியத் தொடங்குகின்றது. அப்பனி தீண்டிய உயிர் யாவும் அக்கணமே மடிகின்றன. நால்வருள் ஒருவர் தம் குடும்பத்தை நினைந்து தடுத்தவர் கைகளை உதறி ஓடுகின்றார். சில அடி தூரங்கூட அவராற் செல்ல இயலவில்லை. ஏனையோர் பௌதிகப் பேராசிரியரான பவாலியின் யோசனைப்படி, வீட்டிலுள்ள துணிகளையும் முகமூடியையுங் கொண்டு காப்புடை ஆக்கிக் கொள்கின்றனர். வேற்றுக் கோளத்தாரின் பேராயுதத்துக்கு எதிராக மனிதர் முதலில் எடுத்த கருவி தையலூசி என்பது கவனிக்கத்தக்கது.

பின்னர்ப் படையெடுப்போர் ஒருவர் பின் ஒருவராக வெளிப்படுகின்றனர். முதலில் வருவன வண்டு போன்ற பெரும் பூச்சிகள். அவற்றின் பிடரியிலே கருவியொன்று பதிக்கப்பட்டுள்ளது. அவை தம் விருப்பால் வந்தவை அல்ல. பிடிபட்ட மனிதருக்கும் அவ்வாறே கருவி பதிக்கப்பட, அவர் தம் இனத்தார் மீதே சுடுகின்றனர். இவற்றையெல்லாம் இயக்குவோர் 'கைகள்' எனப்படும் இனத்தார். தோற்றத்தில் மனிதரை ஒத்த அவர்க்குக் கையில் எண்ணற்ற விரல்கள் உண்டு. அவ்விரல்களாலே அவர் இயக்குபலகைகளை இசைக்கருவி மீட்டுவார் போல் இயக்குவர். இவரே தலைமைப் பகைவர் என வாசகன் எண்ணும் வேளையிற்றான் உண்மை வெளிப்படுகின்றது. அவரும் வேறொரு கோளிலிருந்து அடிமைகளாகக் கொணரப்பட்டவரே. அவர்தம் உடலில் அச்சச் சுரப்பி ஒன்று வைக்கப்பட்டுள்ளது. அச்சம் தோன்றின் அச்சுரப்பி நஞ்சைக் கக்கும். அச்சமின்றி எதிர்த்தெழவோ அடிமைக்கு இயலாது. ஆதலின் கலகம் என்னும் எண்ணமே அவர்க்கு மரணமாகின்றது. சாகுந் தறுவாயில் 'கை' ஒருவன் தன் நாட்டுப் பாட்டொன்றை மெல்லப் பாடுகின்றான். அதுகாறும் அவனைக் கொல்ல நின்ற மனிதர் செயலற்று நிற்கின்றனர். கதையின் உச்சம் போர்க்களத்திலன்றி இவ்விடத்திலேயே உள்ளது எனல் மிகையாகாது.

எல்லோரையும் ஏவுவோர் 'அவர்கள்' என்று மட்டுமே சுட்டப்படுகின்றனர். அவர்தம் உருவம் எந்தச் சித்திரத்திலும் தீட்டப்படவில்லை. சித்திரத்தையே உயிராகக் கொண்ட கலையில் முதன்மைப் பகைவரைத் தீட்டாது விட்டமை ஆசிரியரின் துணிவைக் காட்டும். எதிரே நின்று மடிவோரெல்லாம் அடிமைகளாயின் வெற்றி என்பது யாது என்னும் வினா அவ்வெற்றிடத்திலிருந்தே எழுகின்றது. இதற்கு எதிராக ஆசிரியர் நிறுத்துவதும் தனி வீரன் ஒருவனையன்று. சீட்டாடிய நண்பர், தொழிலாளர், போர்வீரர் ஆகியோரின் கூட்டமே உண்மை நாயகன் என அவர் பின்னாளிற் குறிப்பிட்டார்.

1969இல் அவர் இக்கதையை அல்பெர்த்தோ பிரெச்சியாவின் சித்திரங்களுடன் வேறோர் இதழில் மீண்டும் எழுதினார். அதில் வல்லரசுகள் தம்மைக் காக்கும் பொருட்டுத் தென்னமெரிக்காவைப் படையெடுப்போர்க்குக் கையளித்து விடுகின்றன. அத்தொடர் அவசரமாக முடிக்கப்பட்டது.

1976இல் ஆர்ஜென்டீனாவில் இராணுவ ஆட்சி ஏற்பட்டது. ஓஸ்டர்ஹெல்ட் இரண்டாம் பாகத்தைத் தலைமறைவாக இருந்தே எழுதினார். 1977இல் அவர் கடத்திச் செல்லப்பட்டார், பின்னர் மீளவில்லை. அவருடைய புதல்வியர் நால்வரும் அவ்வாட்சிக்கு இரையாயினர். ஒருத்தியின் உடல் மட்டுமே தாயிடம் ஒப்படைக்கப்பட்டது. இருவர் அப்போது கருவுற்றிருந்தனர். மனைவி எல்சா எஞ்சிய இரு பேரன்மாருள் ஒருவனை வளர்த்ததோடு, சிறையிற் பிறந்து மறைக்கப்பட்ட குழந்தைகளைத் தேடும் பிளாசா தே மாயோப் பாட்டிமாருடனும் இணைந்து, 2015இல் காலமாகும் வரை அத்தேடலைத் தொடர்ந்தார்.