புதுக்கோட்டை அன்றே ஒரு ‘சி.இ.ஓ.’வை அழைத்து வந்தது தெரியுமா?

கேம்பஸ் இன்டர்வியூ, கன்சல்டிங் வேலை, லீடர்ஷிப்... எல்லாம் பெங்களூருச் சமாச்சாரம் என்றா நினைக்கிறீர்கள்? புதுக்கோட்டைப் பக்கம் வந்து பாருங்கள், அசந்துபோவீர்கள்!

★ தள்ளாடும் கம்பெனிகள் வெளியிலிருந்து சி.இ.ஓ.வைக் கொண்டுவருவது இன்றைய வழக்கம். புதுக்கோட்டை சமஸ்தானம் அதை 1878-லேயே செய்துவிட்டது தெரியுமா? திருவாங்கூரில் திவானாக இருந்து பேரெடுத்த சேஷய்யா சாஸ்திரி இங்கே வந்தார். குளங்கள் சீராயின, 1884-ல் தபால் தந்தி அலுவலகம் வந்தது. 1886-ல் பட்டத்துக்கு வந்த மன்னர் சிறுவர் என்பதால், ஆட்சிப் பொறுப்பே சாஸ்திரி கைக்குப் போனது!

★ ஆண்கள் மட்டுமே படித்த புதுக்கோட்டை மன்னர் கல்லூரியில், எதிர்ப்பை மீறிச் சேர்ந்த பெண் முத்துலட்சுமி. 1912-ல் டாக்டர். 1954-ல் அவர் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையைத் தொடங்கியபோது வெறும் 12 படுக்கைகள்! ஆனால், மறுவருடமே அரசு வேலையை வேண்டாமென்று சொல்லி அங்கே சேர்ந்தார் ஓர் இளம் மருத்துவர். யார் தெரியுமா? வி.சாந்தா! 2021-ல் மறையும்வரை அவர் அந்த இடத்தை விடவில்லை.

★ சம்பளமே தராமல் ஆயிரக்கணக்கில் ஆள் சேர்க்க எந்த ஹெச்.ஆரால் முடியும்? அறிவொளி என்ற எழுத்தறிவு இயக்கத்தால் முடிந்தது! 1991-ல் கலெக்டர் ஷீலா ராணி சுங்கத் தலைமையில், எழுத்தோடு சைக்கிளும் பெண்களுக்குப் பாடமானது. 1992 மகளிர் தினத்தன்று 1,500-க்கும் மேற்பட்ட பெண்கள் மணியடித்தபடி புதுக்கோட்டைத் தெருக்களில் சைக்கிளில் வந்தார்கள். லேடீஸ் சைக்கிளுக்குத் தட்டுப்பாடா? ஜென்ட்ஸ் சைக்கிளை எடுத்தார்கள். முன் பாரில் குழந்தையை உட்கார வைக்கலாமே!

★ புதுக்கோட்டைக்கு வெளியிலும் கொஞ்சம் பாருங்கள். மோகனூர் அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்த என்.சந்திரசேகரன், பக்கத்துத் திருச்சி ஆர்.இ.சி.யில் எம்.சி.ஏ. முடித்தவர். 1987-ல் டி.சி.எஸ்.ஸில் சேர்ந்து, 2009-ல் அதற்கே சி.இ.ஓ. ஆனார். 2017-ல் டாடா சன்ஸ் தலைவர். பார்சி அல்லாத ஒருவர் அந்த நாற்காலியில் அமர்ந்தது அதுதான் முதல் முறை!

★ டிகிரி இல்லாமல் சாஃப்ட்வேர் வேலையா? 2005-ல் ஆறே மாணவர்களோடு ஜோஹோ பள்ளி தொடங்கியது. பிளஸ் டூ, டிப்ளமோ முடித்தவர்களுக்கு உதவித்தொகையும் கொடுத்துப் பாடமும் நடத்தி, பிறகு வேலையும் தருகிறார்கள்!

★ கன்சல்டிங் ஜாம்பவான் மெக்கின்சி, முதலில் அனுபவசாலிகளைத்தான் தேடியது. 1950-களில் மார்வின் போவர் தலைமையில், படிப்பை முடித்த கையோடு வரும் எம்.பி.ஏ. இளைஞர்களை எடுக்க ஆரம்பித்தார்கள். பின்னாளில் அங்கே வேலை பார்த்த, மதுரையில் பிறந்த ஒருவர் 2004-ல் கூகுளுக்குப் போனார். ஆமாம், சுந்தர் பிச்சை!

இந்தக் கதைகளில் பலவற்றிலும் ஒரே சூத்திரம்தான்: இன்று என்ன தெரியும் என்பதைவிட, நாளை என்ன கற்பார் என்று பார்த்து ஆளெடுத்தவர்கள் ஜெயித்திருக்கிறார்கள். 2022-ல் வந்த தமிழக அரசின் ‘நான் முதல்வன்’ திட்டத்தில் கலைக் கல்லூரி மாணவர்களுக்கும் திறன் பயிற்சி உண்டு. எனவே புதுக்கோட்டைத் தம்பி, தங்கைகளே... ரெஸ்யூமேயில் ‘மன்னர் கல்லூரி’ என்பதைக் கொட்டை எழுத்திலேயே போடுங்கள்!