வரைபடத்தில் பெயரின் எல்லை: சிங்கப்பூர்த் தமிழ் இடப்பெயர்களும் புவித்தகவல் முறைமைக் கல்வியும்

சிங்கப்பூரின் சிராங்கூன் சாலைப் பகுதியை முற்காலத் தமிழர் ‘சுண்ணாம்புக் கம்பம்’ என்று வழங்கினர். அங்கிருந்த சுண்ணாம்புக் காளவாய்களே பெயர்க்காரணம். ‘கம்பம்’ என்பது சிற்றூரைக் குறிக்கும் கம்போங் என்னும் மலாய்ச் சொல்லின் தமிழ் வடிவம். தெருப்பலகையில் இடம்பெறாத இத்தகைய பெயர்கள் முதியோர் நினைவோடு மறையக்கூடியவை. அவற்றை மின்வரைபடத்தில் பதிவது, கல்லூரியில் புவித்தகவல் முறைமை பயிலும் மாணவர்க்குத் தக்க பயிற்சியாகும். ஆயினும் பதிவின் ஒவ்வொரு படியிலும் பிழை புகுவதற்கு இடமுண்டு.

முதற்படி, பழைய வரைபடத்தின் படிமத்தை இன்றைய நிலப்பரப்போடு பொருத்துதல். இரண்டிலும் மாறாதிருக்கும் சாலைச் சந்திகள் ஒப்புப்புள்ளிகளாகக் கொள்ளப்படுகின்றன. அஃபைன் உருமாற்றத்தில் ஆறு மாறிலிகள் உள்ளன; ஒரு புள்ளி இரண்டு சமன்பாடுகளைத் தரும். ஆதலின் மூன்று புள்ளிகளை மட்டும் இட்டால், அவை தவறானவையாயினும் மென்பொருள் பிழையைச் சுழி என்றே காட்டும். அச்சுழி துல்லியத்துக்குச் சான்றன்று. கூடுதல் புள்ளிகளைப் பரவலாக இட்ட பின்னரே பிழையளவு பொருளுடையதாகும்.

இரண்டாம் படி, ஆயமுறையைத் தெரிதல். கைப்பேசியின் இடங்காட்டி டபிள்யூ.ஜி.எஸ். 84 முறையில் பாகைகளைத் தருகின்றது. சிங்கப்பூரின் நில அளவை எஸ்.வி.ஒய். 21 முறையில் மீட்டர்களைக் கையாள்கின்றது. எம்முறை என்பதைக் குறிக்காத தரவு, தீவுக்கு வெகு தொலைவில் சென்று விழும்.

மூன்றாம் படி, தமிழ் எழுத்தில் பெயரை உள்ளிடுதல். பரவலாக வழங்கும் ஷேப்ஃபைல் வடிவம் பத்திப் பெயருக்குப் பத்து பைட்டுகளே தருகின்றது. யூ.டி.எஃப்-8 குறியாக்கத்தில் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் மூன்று பைட்டுகள் கொள்வதால், ‘இடப்பெயர்’ என்னும் தலைப்பே முழுமையாக அடங்காது. ஜியோபேக்கேஜ் வடிவத்தில் இக்குறை இல்லை.

இறுதிப்படியே கடினமானது. முறைமை ஒவ்வோர் இடத்தையும் புள்ளி, கோடு, பரப்பு ஆகியவற்றுள் ஒன்றாக்கக் கோருகின்றது. சுண்ணாம்புக் கம்பத்தைப் புள்ளியாக்கினால் வட்டாரம் ஒரு கட்டடமாகச் சுருங்கும். பரப்பாக்கினால், வழங்கியோர் வரையாத எல்லையை மாணவர் வரைந்தவராவார். வழக்கில் நெகிழ்ந்திருந்த எல்லை, திரையில் கூரிய கோடாகத் தோன்றிய பின் அதனை ஐயுறுவார் அரியர்.

எனவே பெயருடன் சான்று, வழங்கிய காலம், எல்லையின் உறுதிநிலை ஆகிய மூன்றுக்கும் பண்புப்பட்டியலில் தனிப் பத்திகள் அமைத்தல் இன்றியமையாதது. உறுதியற்ற எல்லையைப் புள்ளிக்கோட்டாலோ மங்கும் நிறத்தாலோ காட்டலாம். வரைபடத்தில் ஒரு பெயரை நிலைபெறச் செய்வதோடு, அப்பெயரைப் பற்றி அறியப்பட்டது எவ்வளவு என்பதையும் உடன் பதிவதே இக்கல்வி தமிழாய்வுக்கு அளிக்கத்தக்க பயனாகும்.