நீரை வளர்த்தால் அனிமனி வளரும்

அளவெட்டி கடற்கரை ஊர் அல்ல. நெல்வயலும் தோட்டக்காணியும் உள்ள ஊர்; தவிலும் நாதஸ்வரமும் பெயர் வாங்கித் தந்த ஊர். ஆனால் இங்கே கிணறு வெட்டினால் இடிபடும் சுண்ணாம்புக்கல் ஒரு பழங்கடலின் அடித்தளம். மயோசீன் காலத்துக் கடலுயிர்கள் விட்டுச்சென்ற ஓடுகளும் கூடுகளும் இறுகித்தான் யாழ்ப்பாணக் குடாநாட்டின் நிலம் உண்டானது. வடக்கே சில மைல் போனால் கீரிமலை, சேந்தாங்குளம், மாதகல் என்று இன்றைய கடல் வந்துவிடும். அதில் ஒரு துண்டை வீட்டுக் கண்ணாடித் தொட்டிக்குள் கொண்டுவர நினைப்பவர்கள் அதிகம் ஆசைப்படுவது கடல் அனிமனிக்கு. அதிகம் இழப்பதும் அதைத்தான்.

பூப்போல விரிந்திருந்தாலும் அனிமனி ஒரு விலங்கு. பவளமும், மீனவர்கள் சொறி என்று சொல்லும் இழுதுமீனும் அதன் உறவினங்கள். எலும்பில்லை, மூளையில்லை, குருதியில்லை. கீழே பாறையைப் பற்றும் ஓர் அடித்தட்டு, நடுவில் குழாய் போன்ற உடல், மேலே வாயைச் சுற்றிக் கைபோன்ற பரிசக்கொம்புகள். உண்பதற்கும் கழிப்பதற்கும் அந்த ஒரே வாய்தான். பரிசக்கொம்புகளில் ஆயிரக்கணக்கான கொட்டும் உறைகள் இருக்கின்றன. அதன் உறவினமான ஐதராவில் 2006 இல் அளந்து பார்த்தபோது, அந்த உறையிலிருந்து ஊசிநூல் பாய்வதற்குப் பிடித்த நேரம் ஒரு செக்கனின் பத்து இலட்சத்தில் ஒரு பங்குக்கும் குறைவாக இருந்தது. அனிமனியின் நஞ்சை ஆராயப் போன இடத்திலேதான் ஒவ்வாமை அதிர்ச்சியைக் கண்டறிந்தார் உடலியல் அறிஞர் சார்ல்ஸ் ரிஷே. 1913 இல் அதற்காக நோபல் பரிசும் பெற்றார். ஆகவே தொட்டிக்குள் கையுறையோடுதான் கை வைக்கவேண்டும்.

வெப்பக் கடல்களின் பெரிய அனிமனிகளுக்கு இன்னொரு சிறப்பு உண்டு. அவற்றின் உடல் இழையங்களுக்குள் நுண்ணிய அல்காக்கள் குடியிருக்கின்றன. அவை ஒளித்தொகுப்பால் ஆக்கும் உணவின் பெரும்பங்கு அனிமனிக்குப் போகிறது. ஆகவே இந்த விலங்குக்கு இரையோடு வெளிச்சமும் சாப்பாடு. வெளிச்சம் போதாவிட்டாலோ, நீர் மிகச் சூடானாலோ அல்காக்கள் வெளியேறி உடல் வெளிறிவிடும். கடையில் பால்வெள்ளையாகவோ கண்ணைப் பறிக்கும் மஞ்சளாகவோ இருக்கும் அனிமனியைக் கண்டால் சந்தேகப்படுங்கள். முன்னது வெளிறியதாக இருக்கலாம், பின்னது சாயம் ஏற்றியதாக இருக்கலாம்.

சரியாகப் பார்த்தால் இது எவ்வளவு காலம் வாழும்? ஸ்கொட்லாந்தின் ஜோன் டாலியெல் என்ற அறிஞர் 1828 இல் கடற்கரைப் பாறையிலிருந்து ஓர் அனிமனியை எடுத்து ஒரு சாடியில் வளர்த்தார். 1851 இல் அவர் இறந்தார், அனிமனி இருந்தது. வேறு கைகளுக்கு மாறி, நூற்றுக்கணக்கான குஞ்சுகளை ஈன்று, பாட்டி என்று செல்லப்பெயர் பெற்று, 1887 வரை வாழ்ந்தது. அந்தச் சாடிக்கு மின்சாரமும் இல்லை, இயந்திரமும் இல்லை. வளர்த்தவர்கள் தவறாமல் ஒன்றைச் செய்தார்கள்: புதுக் கடல்நீர் கொண்டுவந்து மாற்றினார்கள். அது குளிர்கடல் இனம், நமது இனங்களைவிடத் தாக்குப்பிடிக்கும் என்பது உண்மை. ஆனாலும் அடிப்படை மாறவில்லை. அனிமனி வளர்ப்பு என்பது நீர் வளர்ப்பு.

வளர்க்கவேண்டிய நீர் எப்படி இருக்கவேண்டும்? உப்பு ஆயிரத்துக்கு 35 பங்கு. வெப்பநிலை 25 முதல் 27 பாகை. பீஎச் 8.1 முதல் 8.4 வரை. அமோனியாவும் நைத்திரைற்றும் இல்லை என்னும் அளவு, நைத்திரேற்று லீற்றருக்கு 10 மில்லிகிராமுக்குக் கீழே. இந்த எண்களைத் தொடுவது எளிது, நாள்தோறும் அங்கேயே நிறுத்துவதுதான் வேலை. கழிவிலிருந்து வரும் அமோனியாவை நைத்திரைற்றாகவும் பிறகு நைத்திரேற்றாகவும் மாற்றும் பற்றீரியாக்கள் கல்லிலும் மணலிலும் நிலைகொள்ள மாதங்கள் ஆகும். தொட்டி தொடங்கி ஆறு மாதமாவது ஆகாமல் அனிமனியை விடாதீர்கள். ஓராண்டு பொறுத்தால் இன்னும் நல்லது.

இங்கேதான் அளவெட்டி இருக்கும் வலிகாமத்துக்கு உரிய சிக்கல் வருகிறது. தொட்டியில் ஆவியாவது நீர் மட்டும், உப்பு தங்கிவிடும். குறைந்துபோன அளவுக்கு நன்னீர் ஊற்றவேண்டும். கைக்கு எட்டுவது கிணற்று நீர். தோட்டங்களுக்கு இடும் உரத்தால் வலிகாமத்தின் பல கிணறுகளில், குடிநீருக்கு உலக சுகாதார நிறுவனம் வகுத்த 50 மில்லிகிராம் எல்லையையும் நைத்திரேற்று தாண்டியிருப்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன. கணக்குப் பாருங்கள். 200 லீற்றர்த் தொட்டியில் நாளுக்கு 3 லீற்றர் ஆவியாகி, 50 மில்லிகிராம் கொண்ட கிணற்று நீரை விட்டால், இரண்டு கிழமையில் தொட்டியின் நைத்திரேற்று 10 மில்லிகிராம் ஏறிவிடும். சுண்ணாம்புக்கல் கரைந்து வரும் கல்சியமும் கூடவே சேரும். மனிதர் குடிக்க நல்லதென்ற கிணறுகூட இதற்கு நல்லதென்று சொல்லமுடியாது. இப்போது குடாநாட்டில் பரவலாக விற்கும், ஆர்ஓ முறையில் வடிகட்டிய நீரை வாங்கி, கனிமம் மீண்டும் சேர்க்கப்படவில்லை என்று கேட்டு உறுதிசெய்து, அதையே விடுங்கள்.

கடல்நீரை நேரே அள்ளி வருவோரும் காலம் பார்க்கவேண்டும். வாடைக்காற்று வீசும் மாரியில் பாக்குநீரிணை கலங்கும், உப்பும் இறங்கும். யாழ்ப்பாணக் கடனீரேரியின் உப்போ மழைக்கும் வெயிலுக்கும் ஏறி இறங்குவது, அங்கே அள்ளவே கூடாது. எந்த நீரையும் உப்புமானியால் அளந்து, கிழமைக்குப் பத்திலொரு பங்கென்ற அளவில் மாற்றுவது நல்லது.

அடுத்தது சூடு. சித்திரை, வைகாசி வெயிலில் மூடிய அறையில் தொட்டி 31 பாகையைத் தாண்டுவது பெரிய காரியமல்ல. 1998 இல் கடல் சூடேறி இலங்கைக் கரையின் பவளங்கள் பெருமளவில் வெளிறி இறந்தன. உடலில் அல்கா சுமக்கும் அனிமனிக்கும் அதே ஆபத்து. நீர்மட்டத்துக்கு மேலே சிறு விசிறி பூட்டினால் ஓரிரு பாகை இறங்கும். ஆவியாதலும் கூடும் என்பதை மறக்கவேண்டாம். கையில் காசிருந்தால் குளிரூட்டி. மின்வெட்டு நேரத்துக்கு பற்றரியில் ஓடும் காற்றுப்பம்பி கட்டாயம் வேண்டும். நீர் அசையாத இரவில் முதலில் தீர்வது ஒட்சிசன்.

நீரும் சூடும் சரியானால், இடத்தை அனிமனியே தேர்ந்துகொள்ளும். வெளிச்சமும் ஓட்டமும் பிடித்தால் அடித்தட்டை ஊன்றி நிற்கும். பிடிக்காவிட்டால் ஊர்ந்து போகும். போகும் வழியில் பம்பியின் வாய்க்குள் அகப்பட்டுத் துண்டுதுண்டாகிச் செத்தவை ஏராளம். எனவே அனிமனி வருவதற்கு முன்பே பம்பிகளுக்குப் பஞ்சோ வலையோ கட்டுங்கள். வந்தபின் பிடுங்கி இடம் மாற்றாதீர்கள். அடித்தட்டு கிழிந்தால் பிழைப்பது அரிது. நாள்தோறும் நடந்துகொண்டே இருந்தால் நீரைச் சோதியுங்கள், வெளிச்சத்தையும் ஓட்டத்தையும் பாருங்கள்.

தீனி அளவோடு. கிழமைக்கு ஒருமுறையோ இருமுறையோ வாயளவுக்குச் சிறிதாக நறுக்கிய இறால் அல்லது மீன் போதும். பரிசக்கொம்பு ஒட்டும் தன்மையோடிருந்து, வாய் மூடியிருந்தால் நலம். இடையிடையே சுருங்கிக் கழிவைத் தள்ளிவிட்டு மறுபடி விரிவது இயல்பு. வாய் பிளந்து, உடல் கரைந்து, நாற்றம் எழுந்தால் உடனே வெளியே எடுக்கவேண்டும். இல்லாவிட்டால் அழுகும் உடல் தொட்டி முழுவதையும் நஞ்சாக்கிவிடும். மீனுக்கு வியாதி என்று செம்பு கலந்த மருந்தை இந்தத் தொட்டியில் ஊற்றவே கூடாது.

அனிமனிக்குள் குடியிருக்கும் கோமாளி மீன் இல்லாமலும் அனிமனி வாழும். தொட்டியில் பிறந்த கோமாளி மீனுக்கும் அனிமனி கட்டாயமில்லை. இயற்கையில் மட்டும் இந்த உறவு மிக இறுக்கமானது. இலங்கையிலும் மாலைதீவிலும் வாழும் கருங்கால் கோமாளி மீன் ஒரே ஓர் அனிமனி இனத்தில்தான் குடியிருக்கும். அந்த அனிமனியைப் பாறையிலிருந்து பெயர்த்தால் மீனுக்கும் வீடில்லை.

இங்கிலாந்தில் இந்த அழிவு முன்பே நடந்தது. இயற்கையியலாளர் பிலிப் ஹென்றி கொஸ் கடலுயிர்கள் பற்றி 1850களில் எழுதிய நூல்களைப் படித்து மக்கள் கடற்கரைக்குத் திரண்டார்கள், பாறைக்குட்டைகள் வெறுமையாயின. தந்தை மூட்டிய ஆசையின் விளைவை 1907 இல் அவர் மகன் எட்மண்ட் கொஸ் வருத்தத்தோடு எழுதவேண்டியதாயிற்று. நமது கரைக்கு அந்த நிலை வரவேண்டியதில்லை. தொடங்குபவர்கள் குமிழ்நுனி அனிமனியைத் தேடுங்கள். பாறையிடுக்கில் அடியை ஊன்றி, தன்னைத்தானே இரண்டாகப் பிளந்து பெருகும் இனம் அது. சிலவேளை நெருக்கடியிலும் பிளக்கும். நல்ல நீரில் வளர்ந்தும் பிளக்கும். இன்னொருவர் தொட்டியில் பிறந்த துண்டை வாங்குங்கள். உங்கள் தொட்டியில் அது பெருகும்போது ஒன்றை அடுத்த ஊர்க்காரருக்குக் கொடுங்கள். கடலிலிருந்து ஒன்றும் எடுக்காமலே இன்னொரு வீட்டில் அனிமனி விரியும்.