தொடக்ககால பிளாட்பார்ம் வீடியோ கேம்களில் உந்தம்

பிளாட்பார்ம் வீடியோ கேம் என்பது, ஆட்டக்காரர் இயக்கும் பாத்திரம் ஒரு மேடையிலிருந்து இன்னொரு மேடைக்கு ஓடியும் தாவியும் ஏறியும் முன்னேறும் விளையாட்டு வகையாகும். ரயில் நிலைய நடைமேடையைக் குறிக்கும் அதே சொல்தான் இந்த வகைக்கும் பெயராயிற்று. 1980களில் வெளிவந்த இவ்வகை விளையாட்டுகள் உந்தம், ஈர்ப்பு, உராய்வு ஆகியவற்றை மிக எளிய கணக்குகளால் திரையில் கொண்டுவந்தன. அவற்றில் சில இயற்பியல் விதிகளைப் பின்பற்றின. சில வேண்டுமென்றே மீறின. எது பின்பற்றப்பட்டது, எது மீறப்பட்டது என்று பிரித்தறிவது இயக்க விதிகளைப் படிக்கும் மாணவருக்கு நல்ல பயிற்சியாகும்.

தமிழ்நாட்டில் அறிமுகம்

1990களில் தமிழ்நாட்டு வீடுகளுக்கு வந்த வீடியோ கேம் கருவிகளில் பெரும்பாலானவை, ஜப்பானின் நின்டெண்டோ நிறுவனம் 1983ஆம் ஆண்டில் வெளியிட்ட ஃபேமிகாம் கருவியைப் பார்த்துச் செய்யப்பட்ட நகல்கள். சாமுராய், மீடியா, லிட்டில் மாஸ்டர் போன்ற பெயர்களில் அவை விற்கப்பட்டன. விளையாட்டு அடங்கிய பெட்டியை எல்லோரும் ‘கேசட்’ என்றே அழைத்தனர். சென்னையில் ரிச்சி தெருவும் பர்மா பஜாரும் இத்தகைய மின்னணுப் பொருள்களுக்குப் பெயர் பெற்ற இடங்கள். அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி போன்ற மேற்குப் புறநகர்களில் அக்காலத்தில் வளர்ந்தவர்களுக்கும் ‘மாரியோ’ அறிமுகமானது பெரும்பாலும் இந்த நகல் கருவிகள் வழியாகவே. சொந்தமாகக் கருவி இல்லாத பிள்ளைகள் மணிக்கணக்கில் வாடகை வாங்கும் வீடியோ கேம் கடைகளில் விளையாடினர்.

உந்தம் என்றால் என்ன?

ஒரு பொருளின் நிறையையும் திசைவேகத்தையும் பெருக்கினால் கிடைப்பது உந்தம். புறவிசை செயல்படாதவரை உந்தம் மாறாது. அம்பத்தூரிலிருந்து ஆவடி நோக்கிச் செல்லும் மின்சார ரயிலில் நிற்பவர், ஓட்டுநர் பிரேக் போட்டதும் முன்புறம் சாய்கிறார். ரயிலின் வேகம் குறைகிறது; அவருடைய உடலோ பழைய வேகத்திலேயே செல்ல முயல்கிறது. கம்பியைப் பிடித்திருக்கும் கையும் தரையில் ஊன்றிய காலும் எதிர்விசை கொடுத்த பிறகுதான் உடலின் வேகமும் குறைகிறது.

வீடியோ கேமில் நிறை என்பது பெரும்பாலும் கணக்கிலேயே வருவதில்லை. எனவே அங்கு ‘உந்தம்’ என்று பேச்சுவழக்கில் சொல்லப்படுவது, முந்தைய நொடியின் வேகம் அடுத்த நொடிக்கும் தொடர்வதைத்தான். பாடநூல் மொழியில் இது நிலைமத்துக்கு நெருக்கமான கருத்து.

வேகம் தொடராத ஆட்டங்கள்

நின்டெண்டோவின் டாங்கி காங் 1981ஆம் ஆண்டில் வெளிவந்தது. ஷிகெரு மியாமோட்டோ வடிவமைத்த இந்த விளையாட்டில், தடைகளைத் தாண்டிக் குதிப்பதே முக்கியமான செயல். பின்னாளில் மாரியோ எனப் பெயர் பெற்ற பாத்திரம் இதில்தான் முதலில் தோன்றியது. கைப்பிடியைத் தள்ளியதும் அந்தப் பாத்திரம் முழு வேகத்தில் நடக்கும். விட்டதும் அப்படியே நிற்கும். படிப்படியாக வேகம் கூடுவதோ குறைவதோ இல்லை. அதாவது தரையில் நிலைமம் இல்லை.

ஆனால் குதித்த பிறகு நிலைமை வேறு. எந்தத் திசையில் குதித்ததோ அந்தத் திசையிலேயே பாத்திரம் சென்று விழும். நடுவானில் திருப்ப முடியாது. 1986ஆம் ஆண்டில் வெளிவந்த காசில்வேனியா விளையாட்டிலும் இதே கட்டுப்பாடு உண்டு. ஆட்டக்காரர்கள் இதைக் கடினம் என்று குறைகூறுவதுண்டு. ஆனால் நியூட்டனின் முதல் விதிக்கு நெருக்கமானது இந்த வகைத் தாவல்தான்.

சூப்பர் மாரியோ பிரதர்ஸ்

1985ஆம் ஆண்டில் வெளிவந்த சூப்பர் மாரியோ பிரதர்ஸ் இந்த நிலையை மாற்றியது. இதில் மாரியோ மெல்ல வேகமெடுத்து ஓடுகிறது. பொத்தானை விட்டாலும் சிறிது தூரம் சென்ற பிறகே நிற்கிறது. எதிர்த்திசையில் அழுத்தினால் சறுக்கித் திரும்புகிறது.

இந்த விளையாட்டு முழுவதும் 40 கிலோபைட் அளவுக்குள் அடங்கியது. கருவியின் செயலி நொடிக்குச் சுமார் 17.9 லட்சம் துடிப்புகளில் இயங்கியது. அதற்குக் கூட்டவும் கழிக்கவும் தெரியும். நேரடியாகப் பெருக்கும் கட்டளை கிடையாது. எனவே நிரலாளர்கள் ஓர் எளிய வழியைக் கையாண்டனர். திரையில் ஒன்றன்பின் ஒன்றாக வரும் ஒவ்வொரு படமும் ஃபிரேம் எனப்படும். ஒவ்வொரு ஃபிரேமிலும் வேகத்தை இடத்துடன் கூட்ட வேண்டும். முடுக்கத்தை வேகத்துடன் கூட்ட வேண்டும். அவ்வளவுதான். பிக்சலை அதனினும் சிறு பின்னங்களாகப் பிரித்துக் கணக்கிட்டதால் இயக்கம் வழுவழுப்பாகத் தெரிந்தது.

இவ்விளையாட்டின் சில அளவுகள்:

நடையின் உச்ச வேகம்: ஒரு ஃபிரேமுக்கு 1.5 பிக்சல்.
ஓட்டத்தின் உச்ச வேகம்: ஒரு ஃபிரேமுக்கு 2.5 பிக்சல்.
நின்ற இடத்திலிருந்து குதிக்கும்போது தொடக்க வேகம்: 4 பிக்சல்.
முழு ஓட்டத்தில் குதிக்கும்போது தொடக்க வேகம்: 5 பிக்சல்.

நின்ற இடத்திலிருந்து குதித்துப் பொத்தானை அழுத்தியபடியே இருந்தால், ஒவ்வொரு ஃபிரேமிலும் மேல்நோக்கிய வேகம் எட்டில் ஒரு பங்கு பிக்சல் குறைகிறது. 4 பிக்சல் வேகம் சுழியாக 32 ஃபிரேம்கள் ஆகும். சராசரி வேகம் 2 பிக்சல். ஆகவே உயரம் 32 × 2 = 64 பிக்சல். திரையில் தெரியும் செங்கல் கட்டம் ஒவ்வொன்றும் 16 பிக்சல் என்பதால் இது சரியாக 4 கட்டம். முழு ஓட்டத்தில் குதித்தால் இதே கணக்கில் 80 பிக்சல், அதாவது 5 கட்டம் கிடைக்கிறது. ஓடி வந்து குதித்தால்தான் எட்டக்கூடிய இடங்களை வடிவமைப்பாளர்கள் அமைக்க முடிந்ததற்கு இந்த ஒரு கட்ட வேறுபாடே காரணம்.

50-க்கும் 60-க்கும் உள்ள வேறுபாடு

மேற்கண்ட கணக்கில் நேரத்தின் அலகு நொடி அன்று, ஃபிரேம் என்பதைக் கவனிக்க வேண்டும். ஜப்பான், அமெரிக்கத் தொலைக்காட்சிகளில் இக்கருவி நொடிக்கு 60 ஃபிரேம்களைக் காட்டியது. 1982ஆம் ஆண்டில் வண்ண ஒளிபரப்பு தொடங்கியபோது இந்தியா பின்பற்றியது பால் முறை. அதில் நொடிக்கு 50 புலங்கள். அதற்கேற்ப 50 ஃபிரேம் வேகத்தில் செய்யப்பட்ட நகல் கருவியில் ஜப்பானிய, அமெரிக்கக் கேசட் மாற்றமின்றி ஓடும்போது மாரியோவின் உலகமே மெதுவாகிறது.

60 ஃபிரேம் கருவியில் மாரியோ உச்சியை அடைய 32 ஃபிரேம்களுக்கு 0.53 நொடி ஆகும். 50 ஃபிரேம் கருவியில் அதே 32 ஃபிரேம்களுக்கு 0.64 நொடி ஆகும். ஓட்டத்தின் உச்ச வேகம் நொடிக்கு 150 பிக்சலிலிருந்து 125 பிக்சலாகக் குறைகிறது. ஆனால் தாவும் உயரம் மாறுவதில்லை. இரண்டிலும் 64 பிக்சல்தான்.

உயரம் மாறாமல் நேரம் மட்டும் கூடுவது எப்படி? வேகம் ஆறில் ஐந்து பங்காகக் குறைகிறது. முடுக்கத்தில் நேரம் இருமுறை வருவதால், ஈர்ப்பு முடுக்கம் ஆறில் ஐந்தின் வர்க்கமாக, அதாவது 36-இல் 25 பங்காகக் குறைகிறது. தொடக்க வேகத்தின் வர்க்கமும் அதே அளவு குறைவதால் உயரம் பழையபடியே நிற்கிறது. சுருங்கச் சொன்னால், 50 ஃபிரேம் கருவியில் மாரியோ மீது செயல்பட்ட ஈர்ப்பு சுமார் 31 விழுக்காடு குறைவு.

விளையாடியவர்களுக்கு இது தெரியவில்லை. எதிரிகளும் மெதுவாகவே வந்தன; இசையின் தாளமும் மெதுவாயிற்று; திரையின் மேலுள்ள கடிகாரமும் ஃபிரேம்களையே எண்ணியதால் அதுவும் மெதுவாகவே ஓடியது. கடிகாரம் 400-லிருந்து சுழிக்கு வர 60 ஃபிரேம் கருவியில் சுமார் 160 நொடியும், 50 ஃபிரேம் கருவியில் சுமார் 192 நொடியும் ஆகும். எல்லாமே ஒரே விகிதத்தில் மாறும்போது, வெளியிலுள்ள ஒரு கடிகாரத்தோடு ஒப்பிட்டால்தான் மாற்றம் புலப்படும். ஐரோப்பாவில் நின்டெண்டோ வெளியிட்ட பதிப்பில் இந்த வேறுபாட்டை ஈடுகட்ட வேக அளவுகள் திருத்தப்பட்டன.

மீறப்பட்ட விதிகள்

முதலாவது, ஈர்ப்பு ஒரே அளவாக இல்லை. நின்ற இடத் தாவலில் மேலே செல்லும்போது ஃபிரேமுக்கு 0.125 பிக்சல் எனும் ஈர்ப்பு, கீழே வரும்போதோ பொத்தானை விட்டதுமோ 0.4375 ஆகிறது. இது மூன்றரை மடங்கு. எனவே எழ 32 ஃபிரேம் எடுத்துக்கொள்ளும் மாரியோ சுமார் 21 ஃபிரேமில் இறங்கிவிடும். மேலே எறிந்த கல் எழவும் அதே இடத்துக்குத் திரும்பவும் சம நேரம் எடுக்கும் என்ற பாடநூல் விதி இங்குப் பொருந்தாது.

இரண்டாவது, ஈர்ப்பு பூமியில் உள்ளதைவிட மிக அதிகம். காளான் உண்டு வளர்ந்த மாரியோவின் உயரம் 32 பிக்சல். அதை 1.6 மீட்டர் என்று கொண்டால் ஒரு பிக்சல் 5 சென்டிமீட்டர். 60 ஃபிரேம் கருவியில் மேலே செல்லும்போது ஈர்ப்பு முடுக்கம் 22.5 மீ/வி² ஆகிறது. பூமியில் இது 9.8, வியாழன் கோளில் சுமார் 24.8.

மூன்றாவது, மாரியோவை நடுவானில் பின்னோக்கித் திருப்ப முடியும். தள்ளுவதற்குச் சுவரோ கயிறோ இல்லாமல் காற்றில் இருக்கும் ஒருவர் தம் கிடைமட்ட உந்தத்தைத் தாமே மாற்றிக்கொள்ள இயலாது.

விழும் வேகத்துக்கு 4 பிக்சல் என்ற உச்சவரம்பு இருப்பது மட்டும் இயற்கையை ஓரளவு ஒத்தது. மழைத்துளியும் காற்றின் தடையால் ஓர் எல்லைக்குமேல் வேகம் கூடாமல் விழுகிறது.

சோனிக்: சரிவும் வளையமும்

1991ஆம் ஆண்டில் சேகா நிறுவனம் வெளியிட்ட சோனிக் த ஹெட்ஜ்ஹாக் விளையாட்டில் யூஜி நாகா தலைமை நிரலாளராக இருந்தார். மாரியோவின் தரை பெரும்பாலும் சமதளம். சோனிக்கின் தரையோ சரிவும் வளைவும் கொண்டது. முழு வட்டத்தை 256 கோணங்களாகப் பிரித்து, அவற்றின் சைன் மதிப்புகளை அட்டவணையாகச் சேமித்திருந்தனர். சரிவில் இறங்கும்போது கோணத்தின் சைனுக்கேற்ப வேகம் கூடும், ஏறும்போது குறையும். சாய்தளத்தில் பொருளின் முடுக்கம் பற்றிப் பள்ளியில் படிக்கும் அதே தொடர்புதான் இது.

போதிய வேகமின்றிச் செங்குத்து வளையத்தில் ஏறினால் சோனிக் உச்சியை அடையாமல் திரும்பும் அல்லது விழும். பொருட்காட்சியில் ‘மரணக் கிணறு’ வித்தை காட்டும் மோட்டார் சைக்கிள்காரரும் வேகம் குறைந்தால் சுவரில் நிலைக்க முடியாது.

விளையாட்டும் உண்மை வாழ்வும்

நடுவானில் திசை மாற்றும் பழக்கம் திரையில் தீங்கற்றது. ஓடும் ரயிலின் படியில் நிற்பவருக்கு அது உதவாது. மணிக்கு 18 கிலோமீட்டர் வேகத்தில் நிலையத்துக்குள் வரும் ரயிலிலிருந்து 50 கிலோ நிறையுள்ள மாணவர் இறங்குவதாகக் கொள்வோம். வேகம் நொடிக்கு 5 மீட்டர். உந்தம் 250 கிகி.மீ/வி. கால் நடைமேடையைத் தொட்டதும் நின்றுவிடும். மேலுடல் அதே 5 மீட்டர் வேகத்தில் முன்னோக்கிச் செல்லும். சுமார் 1.28 மீட்டர் உயரத்திலிருந்து விழுபவர் தரையைத் தொடும்போது பெறும் வேகமும் இதுவே.

ரயிலின் வேகம் 36 கிலோமீட்டரானால் உந்தம் இரு மடங்காகும். அதற்கு ஈடான உயரமோ நான்கு மடங்கு, சுமார் 5.1 மீட்டர். அது ஏறத்தாழ முதல் மாடிக் கைப்பிடிச் சுவரின் உயரத்திலிருந்து குதிப்பதற்குச் சமம். பூந்தமல்லி நெடுஞ்சாலையில் ஓடும் பேருந்தின் படிக்கட்டில் தொங்குபவருக்கும் இதே கணக்குத்தான்.

வகுப்பறைச் செயல்பாடு

வரைபடத் தாளில் இதை எளிதாகச் செய்து பார்க்கலாம். தொடக்க வேகம் 8 கட்டம் எனக் கொண்டு, ஒவ்வொரு படியிலும் ஒன்று குறைக்க வேண்டும். 8, 7, 6 என 1 வரை கூட்டினால் உயரம் 36 கட்டம். ஒவ்வொரு படிக்கும் வலப்புறம் 3 கட்டம் நகர்த்திப் புள்ளி வைத்தால் பரவளையம் கிடைக்கும். இறங்கும்போதும் ஒன்று ஒன்றாகவே வேகத்தைக் கூட்டினால் கிடைப்பது இயற்கையான தாவல்; மும்மூன்றாகக் கூட்டினால் மாரியோவைப் போன்ற தாவல். இரண்டு வளைவுகளையும் ஒரே தாளில் வரைந்து ஒப்பிட்டால், விளையாட்டு எந்த இடத்தில் இயற்கையிலிருந்து விலகுகிறது என்பதை மாணவர் தாமே கண்டுகொள்வர்.